அணைக்கக்கூடாத எஞ்சின்

1

"ரெண்டு பேர் மட்டும் இருக்கிற காரிலை நீ ஆரைப் பிள்ளை ஏத்தப்போறாய்?"

கேட்டவர் மாலினி அக்கா. மெல்பேர்ணில் அவருடைய வீட்டின் பின்பக்க அறையில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். அக்கா வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவர். தகப்பன் வங்கியில் உத்தியோகம். நான் துறைமுகத் தொழிலாளர் வாழும் கொட்டாஞ்சேனை. கொழும்பில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் இடையில் ஒரு பஸ் பயணத் தூரம்தான். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு வந்து மெழுகுதிரி கொளுத்தியதைத் தவிர, அக்கா வீட்டார் எங்கள் பக்கம் வந்திருக்க நியாயமில்லை. இங்கே வந்துதான் ஒரே குசினியில் சமைக்கிறோம்.

நான் கார் வாங்கப்போகிறேன் என்றதும் அக்கா பேப்பரில் நாலைந்து விளம்பரங்களை வட்டமிட்டு வைத்திருந்தார். எல்லாம் வெள்ளை நிறம், நாலு கதவு, குறைந்த பெற்றோல். நான் அவற்றில் ஒன்றைப் பார்க்கப் போன வழியில், ஒரு வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று எழுதி நிறுத்தியிருந்த கருநீலக் காரைக் கண்டேன். தாழ்ந்து, நிலத்தோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பது போல இருந்தது. கண்ணை மூடியிருந்ததும் உண்மைதான். அதன் முன்விளக்குகள் பகலில் மூடிக்குள் மடிந்திருக்கும். விளக்கைப் போட்டால் எழும்பி நிற்கும். வெள்ளைக் காரைப் பார்க்க நான் போகவேயில்லை.

பத்து வருடம் ஓடிய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். ரோட்டரி எஞ்சின். இருக்கை இரண்டு. பின்னால் ஒரு மார்க்கெட் பை வைக்கலாம், இரண்டு வைத்தால் வெங்காயம் உருண்டு முன்னுக்கு வரும். அதை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோதுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டு, "கொட்டாஞ்சேனைக்காரருக்கு எப்பவும் ஷோ கூட" என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், என்றாலும் சொன்னார்.

ஆரை ஏற்றப்போகிறேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது ஒரு கடிதத்தில் தங்கியிருந்தது.

2

நான் பாலைப் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். பண்ணைகளிலிருந்து வருகிற பால் மாதிரிகளைக் காலை ஏழு மணிக்குத் தொடங்கிச் சோதிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது ஆறு மாதம் தற்காலிகம் என்றார்கள். அது முடிந்தால் நிரந்தர நியமனக் கடிதம் தருவார்கள்.

முதல் இரண்டு மாதத்திலேயே நான் இரண்டு நாள் பிந்திப் போனேன். எங்கள் பக்கத்திலிருந்து அதிகாலையில் ஒரே ஒரு பஸ்தான். அது வராவிட்டால் வராததுதான். என் மேற்பார்வையாளர் ஷெரில் கெட்ட மனுசி இல்லை. ஆனால் பால் யாருக்காகவும் காத்திராது என்று சொன்னார். இன்னொரு தரம் பிந்தினால் நிரந்தரக் கடிதத்தில் தன்னால் கையெழுத்து வைக்க முடியாது என்றும், இதைக் கோபத்தில் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

அந்தக் கடிதம் எனக்கு ஏன் முக்கியம் என்று ஷெரிலுக்குத் தெரியாது. என் அப்பாவை மூன்று மாத விசாவில் இங்கே அழைப்பதற்கு நான் நிரந்தர வேலையில் இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். விசா அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண் அதைச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டுத் தந்தாள்.

அப்பா கொட்டாஞ்சேனையில் தனியே இருக்கிறார். அம்மா நான் உயர்தரம் படிக்கும்போதே காலமாகிவிட்டார். கொழும்பில் எங்காவது ஏதாவது வெடித்தால் அன்றிரவு எங்கள் தெருவில் சுற்றிவளைப்பு நடக்கும். வயது, தொழில் என்று பார்க்காமல் தமிழ் ஆண்களை இராணுவமும் பொலிஸும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அநேகமாக அடுத்த நாள் விடுவார்கள். 'அநேகமாக' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் இங்கே இரண்டு வருடம் நித்திரை கொண்டேன்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இதை ஒளித்துச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை. இங்கே குடியேற விண்ணப்பித்தபோது தகப்பனின் கல்வி, தாயின் கல்வி என்று படிவத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. நிரப்ப உதவிய பம்பலப்பிட்டி ஏஜென்சிக்காரர் 'ஆரம்பக் கல்வி என்று போடுவம், ஆர் பாக்கப்போறான்' என்றார். நான் இரண்டிலும் 'இல்லை' என்று எழுதினேன். அந்த இரண்டு பெட்டிகளுக்கும் கீழே என்னுடைய பெட்டியில் எழுத இடம் போதவில்லை.

3

அப்பா வான் ஓட்டினார். துறைமுகத்திலிருந்து இறங்குகிற சாமான்களைக் கொச்சிக்கடைப் பண்டகசாலைகளிலிருந்து புறக்கோட்டைக் கடைகளுக்கு ஏற்றுவது தொழில். வீதிப் பெயர்களைப் படிக்காமலே நகரம் முழுவதையும் அறிந்தவர். பின்னேரம் நான் வெள்ளவத்தையில் ரியூஷன் முடிந்து நிற்பேன். வெறும் வானோடு வந்து ஏற்றிக்கொண்டு போவார். பஸ்ஸில் வா என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வானுக்கு பெட்டறி சரியில்லை. புதிதாக வாங்கிப் போட்டாலும் சில மாதத்தில் பழையபடிதான். அதனால் அப்பா எங்கே நிறுத்தினாலும் உருட்டி எழுப்ப வசதியாக ஒரு சரிவு பார்த்துத்தான் நிறுத்துவார். கொழும்பில் சரிவு அதிகம் இல்லை. இராணுவச் சோதனைச்சாவடிகளோ சரிவு பார்த்து வைக்கப்பட்டவை அல்ல.

சாவடியின் ஒழுங்கு எல்லோருக்கும் தெரியும். தூரத்தில் பீப்பாய்களைக் கண்டதும் வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்விளக்கை அணைக்க வேண்டும், ஆமிக்காரரின் கண்ணில் அடிக்கக்கூடாது. உள்விளக்கைப் போட வேண்டும், எங்கள் முகம் தெரிய வேண்டும். நிறுத்தியதும் எஞ்சினை அணைக்க வேண்டும். பிறகு அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். இந்த ஐந்தும் மூச்சு விடுவது போல ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

எஞ்சினை அணைத்தால் எங்கள் வான் திரும்ப எழும்பாது. சோதனை முடிந்து 'போ' என்பார்கள். போக முடியாது. பின்னால் வரிசை நிற்கும். போகச் சொல்லியும் போகாத தமிழனின் வானை ஆமிக்காரர் எப்படிப் பார்ப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை.

முதல் தடவை அப்படி நடந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. நான் வெள்ளைச் சட்டையோடு தள்ளுவதற்கு இறங்கினேன். அப்பா கதவைப் பிடித்து மறித்தார்.

"பள்ளிக்கூடம் போற பிள்ளை றோட்டிலை வான் தள்ளுறதோ? நீ இஞ்சாலை வந்து இரு."

அப்பாவின் இடத்தில் என்னை இருத்தினார். கிளச்சை மிதித்துக்கொள், இரண்டாம் கியரில் இருக்கு, நான் 'விடு' என்றால் விடு, மெல்ல விடாதே, சட்டென்று விடு என்றார். பிறகு பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். கால் எட்டாமல் நான் இருக்கையின் நுனிக்கு வழுகி வந்து கிளச்சை மிதித்தேன். 'விடு' என்ற சத்தம் கேட்டது. வான் ஒருமுறை விக்கி, எழும்பியது. அப்பா ஓடிவந்து ஏறினார். அவருடைய சேட்டில் வியர்வையும் டீசல் மணமும்.

அதற்குப் பிறகு இது எங்கள் வழக்கமாகிப் போனது. ஒரே சாவடியில் வழக்கமாக நிற்கும் ஆமிக்காரர் ஒருவர், மீசை அரும்பாத இளைஞர், எங்களைக் கண்டால் என்னை 'டிரைவர் நோனா', டிரைவர் அம்மா, என்று கூப்பிடத் தொடங்கினார். ஒருநாள் துவக்கை முதுகில் தள்ளிவிட்டு, அப்பாவோடு சேர்ந்து அவரும் தள்ளினார். சில மாதங்களில் அவரைக் காணவில்லை. வடக்குக்குச் சண்டைக்கு அனுப்பியிருப்பார்கள் என்று அப்பா சொன்னார்.

இங்கே லைசன்ஸ் எடுக்கப் போனபோது, முன்பு எங்கே ஓட்டிப் பழகினீர்கள் என்று சோதனையாளர் கேட்டார். என் கிளச் நல்ல சுத்தம் என்றார். தந்தையிடம் பழகினேன் என்று மட்டும் சொன்னேன்.

4

காரை விற்ற பெண்ணின் பெயர் நிக்கோல். எட்டு மாதக் கர்ப்பிணி. ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் இடையில் இனி இடமில்லை என்று சொல்லித்தான் விற்றாள். வாங்குவதற்கு முன் கராஜ் ஒன்றில் எஞ்சினின் அமுக்கத்தைச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். 'சோதிக்காமல் வாங்கினால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்' என்றாள். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். இதில் பிஸ்டன் இல்லை. வட்டமும் இல்லாத நீள்வட்டமும் இல்லாத ஒரு கூட்டுக்குள் மும்முனைச் சுழலி ஒன்று சுற்றுகிறது. அதன் மூன்று பக்கமும் ஒரே அளவு அமுக்கம் காட்ட வேண்டும். காட்டியது. ஆய்வுகூடக்காரி எண்களை நம்புவேன்.

நிக்கோல் ஒரு தாளில் விதிகளை எழுதித் தந்தாள். ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கும்போதும் ஒயில் பார்க்க வேண்டும், இந்த எஞ்சின் ஒயில் குடிப்பது நோயல்ல, அதன் இயல்பு. ஒவ்வொரு நாளும் ஒருமுறையாவது எஞ்சினை முழுச் சுற்றுக்கு, அதன் வேக எல்லை வரை, விட வேண்டும், பயந்து பயந்து ஓட்டினால் கரி பிடிக்கும். கடைசி விதிக்குக் கீழே இரண்டு கோடு: குளிரில் எழுப்பினால், நன்றாகச் சூடாகும் முன்பு ஒருபோதும் அணைக்காதே. அணைத்தால் உள்ளே பெற்றோல் தேங்கி மூழ்கிவிடும், பிறகு எழும்பாது.

எனக்கு அவள் சொன்ன எல்லாவற்றையும்விட அந்த முழுச் சுற்று விதிதான் பிடித்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த விதிகள் எல்லாம் மெல்லப் போ, சத்தம் போடாதே, குனிந்து போ என்பவைதான். இந்த எஞ்சின் ஓடும்போது நடுங்காது. அப்பாவின் வான் கோப்பையில் வைத்த தேத்தண்ணி போலத் துளும்பிக்கொண்டே இருக்கும். இதுவோ நாலாயிரம் சுற்றில் முனகும், ஆறாயிரத்தில் பாடும், எல்லை வந்தால் 'பீப்' என்று தானே சொல்லும். நான் எந்தச் சாமானையும் அதுவரை எனக்குப் பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வாங்கியதில்லை. சப்பாத்துக்கூட உழைக்கிற சப்பாத்தாகத்தான் வாங்கியிருக்கிறேன். இப்போது வேலைக்குப் போக ஒரு கார் தேவை, சரி. ஆனால் வேலைக்குப் போகிற இருபத்தைந்து நிமிடமும் நான் சிரித்துக்கொண்டு போக ஒரு காரும் தேவையாக இருந்தது.

அப்பாவோடு கதைப்பது ஞாயிறு பூசை முடிந்த பிறகு. கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருமுனையில் ஹனீபா நானாவின் கொமினிகேஷன் கடை, காசு கொடுத்துத் தொலைபேசியில் கதைக்கும் இடம். அங்கே வந்து அப்பா காத்திருப்பார், நான் இங்கிருந்து கோல் எடுப்பேன். கார் வாங்கியதைச் சொன்னேன்.

"எத்தினை சிலிண்டர்?" அதுதான் முதல் கேள்வி.

"சிலிண்டரே இல்லையப்பா."

அப்பா அதை ஹனீபா நானாவிடம் திருப்பிச் சொல்வது கேட்டது.

"அப்ப எதிலை மகள் ஓடுது?"

"மூண்டு மூலையா ஒரு இரும்புக் கட்டி. கூட்டுக்குள்ளை வளைஞ்சு வளைஞ்சு சுத்தும்."

"ஆட்டுக்கல்லு மாதிரியோ?"

நான் பல கட்டுரைகளைப் படித்து விளங்கிக்கொண்டதை அப்பா ஒரு சொல்லில் முடித்துவிட்டார். ஓம், ஆட்டுக்கல்லில் குழவி குழியின் சுவரோடு சாய்ந்து சுற்றுவது போலத்தான்.

"அப்ப நல்ல எஞ்சின்தான்" என்றார். "உங்கட அம்மாட ஆட்டுக்கல்லு ஒருநாளும் கராஜுக்குப் போகேல்லை."

பின்னால் ஹனீபா நானா சிரிப்பது கேட்டது.

5

மாலினி அக்காவின் மகள் தர்ஷிக்குப் பத்து வயது. தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். காரின் விளக்குகள் எழும்பி நிற்பதைப் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு பின்னேரமும் வாசலுக்கு வருவாள். ஒருநாள் அக்காவுக்கு வேலை பிந்தியதால் நான் தர்ஷியை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். சந்தியில் ஒரு பொலிஸ் கார் நின்றது. பொலிஸ்காரர்கள் பக்கத்துக் கடையில் ஏதோ வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களை யாரும் மறிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தர்ஷி தாயிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: பொலிஸைக் கண்டதும் இவர் ஏன் காருக்குள்ளே விளக்கைப் போட்டார்?

நான் போட்டது எனக்கே தெரியாது.

மாலினி அக்கா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி ஒரு கணம் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். 'சும்மாதான், ஏதாவது தேடியிருப்பா' என்று மகளுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பவும் வெட்டத் தொடங்கினார். வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அந்த ஒரு கணத்தில் பக்கத்து வீடுகளாக இருந்தன.

பிள்ளைகளுக்கு நாங்கள் எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்று அன்றிரவு யோசித்தேன். மொழியை அவர்கள் விடுகிறார்கள் என்று வருத்தப்படுகிறோம். ஆனால் அந்த விளக்கை அவள் அறியாமல் வளர்வதில் எனக்கு வருத்தம் இல்லை.

6

ஜூன் மாதம், என் தற்காலிகக் காலம் முடிய இரண்டு கிழமை இருந்தது. இங்கே அது கடுங்குளிர் காலம். நான் வழக்கமாக ஆறு மணிக்கே காரை எழுப்பி, சூடாக விட்டுவிட்டு, உள்ளே போய்ச் சாப்பாடு கட்டுவேன். அன்று ஆறு மணிக்கு முன் தொலைபேசி அடித்தது. ஹனீபா நானா. எங்கள் தெருவில் சுற்றிவளைப்பு என்றும், அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றும், விடிந்ததும் தான் பொலிஸ் நிலையத்துக்குப் போய்ப் பார்ப்பதாகவும் சொன்னார். பயப்பட வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னார். இரண்டு தரம் சொல்லியிருந்தால் குறைவாகப் பயந்திருப்பேன்.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் இப்படித்தான் அப்பாவைக் கொண்டுபோனார்கள். நான் அடுத்த நாள் ஒரு பையில் எல்லாக் கடதாசிகளையும் போட்டுக்கொண்டு போனேன். அப்பாவின் பெருவிரல் அடையாளத்துக்காக ஒரு வாக்குமூலம் மேசையில் இருந்தது. வாசிக்கலாமா என்று கேட்டேன். எழுதியிருந்தது சிங்களத்தில், பஸ் பலகைகளிலும் கடைப் பலகைகளிலும் தொடங்கி நான் பழகிய எழுத்து. அதில் அப்பா பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. யாழ்ப்பாணத்தான் என்றால் லேசில் விடமாட்டார்கள். அப்பா பிறந்தது கொச்சிக்கடையில். யாழ்ப்பாணத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்தேன். வயதான அதிகாரி ஒருவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த வரியை வெட்டித் திருத்தினார். பின்னேரம் அப்பா வெளியே வந்தார். இன்றைக்கு அந்தக் கடதாசியை யார் வாசிப்பது?

யோசித்துக்கொண்டு நின்றதில் ஆறு இருபத்தைந்து. காரைச் சூடாக்க நேரமில்லை. எழுப்பினேன், ஓடினேன். மூன்று நிமிடம் போயிருக்காது. வளைவு திரும்பியதும் வீதியில் ஒளிரும் கூம்புகள், மஞ்சள் மேலங்கிகள், கையசைக்கும் ஒரு டோர்ச்.

என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்கிறேன். வேகத்தைக் குறைத்தேன். முன்விளக்கை அணைத்தேன், அவை மடிந்து மூடிக்கொண்டன. உள்விளக்கைப் போட்டேன். நிறுத்தினேன். எஞ்சினை அணைத்தேன். கடவுச்சீட்டின் பிரதி, லைசன்ஸ், தற்காலிக வேலைக் கடிதம் எல்லாம் இருக்கும் பிளாஸ்ரிக் உறையைக் கையில் பிடித்துக்கொண்டு, அசையாமல் இருந்தேன்.

வந்தது ஒரு பொலிஸ் பெண். சாரதிகள் குடித்திருக்கிறார்களா என்று பார்க்கும் சோதனை அது. அவள் என் உறையை வாங்கவில்லை. உள்ளே ஏன் விளக்குப் போட்டிருக்கிறாய் என்று கேட்டாள். ஏதாவது பிழையோ என்று நினைத்திருப்பாள்.

நான் உண்மையைச் சொன்னேன். என் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று.

"எனக்கு உன் முகம் தேவையில்லை. மூச்சு மட்டும் போதும்" என்றாள். குழாயை நீட்டினாள். ஊதினேன். நன்றி, போகலாம் என்றாள்.

போக முடியவில்லை.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. பெற்றோல் மணம் வந்தது. நிக்கோல் இரண்டு கோடு போட்ட வரி கண்ணுக்கு முன்னால் நின்றது. அக்சிலேற்றர் பெடலை அடிவரை மிதித்துக்கொண்டு சுற்றினேன். அதுவும் அவள் சொன்னதுதான். பெட்டறியின் சத்தம் களைத்துக்கொண்டு போனது. பின்னால் மூன்று கார்கள். மணி ஆறு முப்பத்தைந்து. போகச் சொல்லியும் போகாத வாகனத்துக்குள் மீண்டும் நான். கொழும்பில் என்றால் அப்பா வெளியே நிற்பார்.

அப்பா என்று நினைத்ததும் கை தானாக கியரைத் தொட்டது. தலையை வெளியே நீட்டி, தள்ளுவீர்களா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ஒரு பொலிஸிடம் என் வாழ்நாளில் நான் கேட்ட முதல் உதவி அதுதான்.

அவள் டோர்ச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, தடித்த சக பொலிஸ்காரரைக் கூப்பிட்டாள். எப்போது விடவேண்டும் என்று உனக்குத் தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும் என்றேன். அந்த விடயத்தில் எனக்குப் பெரிய அனுபவம் இருந்தது. சாவியைப் போட்டு, இரண்டாம் கியர், கிளச், வலது கால் அடிவரை. கார் நகர்ந்தது. அவர்களுடைய சப்பாத்துச் சத்தம் வேகமானது. 'விடு' என்று சொல்ல யாரும் இல்லை, ஆனால் எந்த இடத்தில் அந்தச் சொல் வரும் என்று என் காலுக்குத் தெரியும். விட்டேன், சட்டென்று.

விக்கியது. இன்னொருமுறை விக்கியது. பிறகு எழும்பியது, அப்படியொரு சத்தத்தோடு. பின்னால் வெள்ளைப் புகை கிளம்பி, இரண்டு பொலிஸ்காரரும் மூன்று கார்களும் கொஞ்ச நேரம் காணாமல் போனார்கள். புகைக்குள்ளிருந்து இருமலும், இருமலுக்குள் சிரிப்பும் கேட்டன. நான் நிறுத்தி நன்றி சொல்ல நினைத்தேன். அந்தப் பெண் புகையிலிருந்து வெளியே வந்து, இரண்டு கையாலும் போ போ என்று காட்டினாள். "அணைக்காதே" என்று கத்தினாள்.

அணைக்கவில்லை. ஆய்வுகூடத்தில் அட்டையைப் பதிந்தபோது ஏழுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. ஷெரில் என் முகத்தைப் பார்த்து, பேயைக் கண்டாயா என்பது போல ஏதோ கேட்டார். பொலிஸ் தள்ளிவிட்டது என்றேன். அவர் வேறு விதமாக விளங்கிக்கொண்டார் என்று பிறகுதான் தெரிந்தது. அதைத் திருத்த ஒரு தேத்தண்ணி நேரம் போனது.

பகல் பன்னிரண்டரைக்கு, அங்கே காலை, கடைக்கு எடுத்தேன். ஹனீபா நானா ஒன்றும் சொல்லாமல் ரிசீவரைக் கைமாற்றினார்.

"ஆர், மகளோ? வந்திட்டன்" என்றார் அப்பா. "பிளேன்ரீ குடிக்கிறன்."

ஏதாவது கடதாசியில் விரலடையாளம் வைத்தீர்களா என்று கேட்டேன். இல்லை, பெயரைப் பதிந்துகொண்டு விட்டுவிட்டார்கள் என்றார். பிறகு நான் காலையில் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"ரெண்டாம் கியரோ?"

"ஓமப்பா."

"சரி."

அந்தச் 'சரி'யை விடப் பெரிய சான்றிதழ் என்னிடம் இல்லை. இருந்த மற்றவற்றை விண்ணப்பம் நிரப்பிய அந்த ஏஜென்சிக்காரர் எண்ணியிருக்கிறார்.

7

ஜூலையில் கடிதம் வந்தது. ஷெரிலின் கையெழுத்து சாய்ந்து, அவசரமாக, பால் காத்திராது என்பது போல இருந்தது. மேசையில் வைத்து நாலைந்து தரம் வாசித்தேன். வாசிக்கத் தெரிந்ததன் சந்தோசம் சில நேரம் அவ்வளவு சின்னதாகத்தான் இருக்கும்.

இப்போதும் பொலிஸைக் கண்டால் கை உள்விளக்குக்குப் போகிறது. முந்தாநாள் இன்னொரு சோதனை. விளக்கைப் போட்டுவிட்டேன், அது போனால் போகட்டும். ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஊதிக்கொண்டிருக்கும்போது காலுக்குக் கீழே அதன் முனகலை உணர்ந்தேன். ஓடுகிற எஞ்சினோடு ஒரு சீருடைக்கு முன்னால் இருப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. சந்தி தாண்டியதும் முழுச் சுற்றுக்கு விட்டேன், 'பீப்' என்று சொல்லும்வரை.

மாலினி அக்கா பெற்றோல் செலவைப் பற்றி இன்னும் சொல்கிறார். ஆனால் சனிக்கிழமை சந்தைக்குத் தன் காரை எடுக்க மறக்கிறார். என் காரில் ஏறி, கண்ணாடியை இறக்கிவிட்டு, தலைமுடி பறக்க, இன்னும் கொஞ்சம் மிதி பிள்ளை என்று மெல்லச் சொல்கிறார். இதை அவருடைய கணவர் வாசிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அப்பாவின் விசா விண்ணப்பத்தை இந்த முறை நானே நிரப்பினேன். தொழில்: சாரதி. கல்வி: இல்லை. ஆங்கிலத்தில் இருந்த ஒவ்வொரு வரியையும் தமிழில் ஒரு கசெட்டில் வாசித்துப் பதிந்தேன், விரலடையாளம் வைக்குமுன் அதில் என்ன இருக்கிறது என்று அப்பா தன் காதால் கேட்க வேண்டும். கசெட்டின் மறுபக்கம் வெறுமையாக இருந்தது. றெக்கோடரைக் காருக்குள் வைத்து, குளிரில் எழுப்பினதிலிருந்து சூடாகி முனகல் அடங்கும்வரை எஞ்சினைப் பதிந்தேன். முடிவில், இதற்கு முன்னால் அணைக்கக்கூடாது அப்பா என்று மட்டும் சொன்னேன்.

நேற்றுப் பின்னேரம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுத் தபாலில் சேர்த்தேன். வீட்டுக்கு வந்து, அப்பாவின் வலது முழங்கால் முழுதாக மடங்காது என்பதால், பக்கத்து இருக்கையைக் கடைசிப் பல் வரை பின்னுக்குத் தள்ளி வைத்தேன். மாலினி அக்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆருக்கு என்று அவர் கேட்கவில்லை.